ஏழு சுற்றிலும் இல்லாத பெயர்

1

இந்த வருடம் அம்மாவின் திவசம் சனிக்கிழமையில் வந்தது. அவுஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் டூங்கபியில் அன்று காலை பத்து மணிக்கே வெயில் நாற்பது பாகையைத் தொட்டுவிட்டது. குசினியில் நாலு அடுப்பும் எரிய, நான் கறிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையின் மூலையில் என் மடிக்கணினி திறந்திருந்தது. அங்கே கனடாவின் சிறு நகரம் ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலை. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பனித்தரையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சறுக்கினார்கள்.

அதைப் பார்ப்பதுதான் என் வேலை. ஊரிலிருந்து யாராவது கேட்டால் கொம்பியூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன். செவன் ஹில்ஸில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் எங்கள் அலுவலகம் இருக்கிறது. விளையாட்டு வீடியோக்களைப் பார்த்து, ஒவ்வொரு வீரனைப் பற்றியும் குறிப்பு எழுதி, பெரிய கழகங்களுக்கு விற்கிற சிறு நிறுவனம். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி என் முதுகு போன பிறகு, ஒரு கணினிப் படிப்பை முடித்துக்கொண்டு அங்கே சேர்ந்தேன். வலைப்பந்தையும் கிரிக்கெட்டையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத ஐஸ் ஹொக்கி எனக்கு வந்தது. ஆறு வருடம் ஆகிறது. பனியில் இதுவரை நான் கால் வைத்ததில்லை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் வட அமெரிக்கக் கழகங்கள் கூடியிருந்து, பதினெட்டு வயதாகும் பிள்ளைகளைப் பெயர் சொல்லித் தெரிவு செய்யும். டிராஃப்ட் என்பார்கள். ஏழு சுற்று. முதல் சுற்றில் பெயர் வந்தவனைத் தொலைக்காட்சி துரத்தும். ஏழாவதில் வந்தவனுக்கும் வீட்டில் விருந்து நடக்கும். எந்தப் பிள்ளை எந்தச் சுற்றுக்குத் தேறுவான், எவன் தேறவே மாட்டான் என்று எழுதுவதுதான் என் வேலையின் முக்கிய பாகம். அந்தப் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது.

போன செப்டெம்பரில் புதுப் பட்டியல் வந்தபோது, முன்வரிசை வீரர்களின் பெயர்களுக்குள் என் தம்பியின் பெயரைக் கண்டேன்.

2

தம்பியின் பெயர் ரவீந்திரன். பட்டியலில் இருந்தது அவனுடைய மகன் கவின். எங்களுக்குத் தகப்பன் பெயர்தானே பின்னால் வரும். ஆகவே பிள்ளையின் சட்டை முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோள் வரைக்கும், ரவீந்திரன் என்று என் தம்பியின் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வர்ணனையாளர்களுக்கு அது வாயில் நுழையாது. ஒருவர் ராவின் என்று நிறுத்திவிடுவார். இன்னொருவர் டிரான் என்று பின்பாதியை மட்டும் கூப்பிடுவார்.

கவின் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்த ஒரு படம் என்னிடம் இருந்தது. நேரில் கண்டதே இல்லை. அம்மாவின் செத்தவீட்டோடு அதற்கான வழியும் அடைபட்டது.

அம்மா என்னோடுதான் இங்கே இருந்தா. பதினொரு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை திடீரென்று போய்விட்டா. தம்பி ரொறன்ரோவில் அகதிப் பயணப் பத்திரத்தோடு இருந்தான். குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல், ட்ரக் ஓட்டமும் வீடுமாகக் காலத்தைக் கடத்திவிட்டான். அவுஸ்திரேலிய விசாவுக்கு மரணச் சான்றிதழைக் கேட்டார்கள், அனுப்பினேன். அவன் அவவின் மகன்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தது. அதற்கு ஒரு சத்தியக் கடதாசி. இதற்கிடையில் இங்கே உடலை இனி வைத்திருக்கக் கூடாது என்று எல்லாரும் என்னை நெருக்கினார்கள். ஆறாம் நாள் எரித்தோம். எட்டாம் நாள் அவனுக்கு விசா வந்தது.

காத்திருந்திருக்கலாம். இந்த நாட்டில் இரண்டு கிழமை வைத்திருப்பது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அது தெரியும், அவனும் பிறகு தெரிந்துகொண்டான். அதன்பிறகு தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம், வருடப்பிறப்புக்கு ஒரு வாழ்த்துப் படம். கதை இல்லை.

பட்டியலைக் கண்ட அன்றே மேலாளர் மெலனியிடம் போனேன். கனடாவில் வளர்ந்து, இளவயதில் ஹொக்கி விளையாடிய பெண். பதற்றத்தில், மருமகன் என்று மனதில் நினைத்ததை அப்படியே மொழிபெயர்த்து, இவன் என் சன் இன் லோ என்று சொல்லிவிட்டேன். மெலனி என்னை மேலும் கீழும் பார்த்தா. என் மகளுக்குப் பதினாறு வயதுதானே என்று மெதுவாகக் கேட்டா. எங்கள் மொழியில் ஒரு பெண்ணுக்குத் தம்பியின் மகனும் மருமகன், மகளைக் கட்டியவனும் மருமகன் என்று விளங்கப்படுத்தி முடிக்க எனக்கு வேர்த்துவிட்டது. பிறகு உறவு முறை அறிவிக்கும் படிவம் ஒன்று தந்தா. நெவ்யூ என்று எழுதினேன். வீடியோவைத் தொடர்ந்து நான் பார்க்கலாம், இறுதி அறிக்கையில் இன்னொருவர் கையெழுத்திடுவார், இதைப் பற்றி வெளியில் யாருடனும் பேசக் கூடாது என்று முடிவானது.

3

ஒக்ரோபரில் கவினைப் பற்றி என் முதல் அறிக்கையை எழுதினேன். சொந்தம் என்று கூட்டி எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் இரண்டு தரம் பார்த்தேன். ஆள் பெரிய உயரம் இல்லை. வேகமும் மிகப் பெரிய வேகம் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு மூலைக்குள் போய்ச் சிக்கினால், இரண்டு தடியன்களுக்கு நடுவில் முழங்காலை மடித்துக் குனிந்து புகுந்து, அதை எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவான். வருகிறபோதே தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவான். அப்படிப் பார்க்கிற பிள்ளைகள் குறைவு. மூன்றாம் சுற்று, நன்றாக வந்தால் இரண்டாம் சுற்றின் கடைசி என்று எழுதினேன். மெலனி தானும் பார்த்துவிட்டு, நான் கொஞ்சம் குறைத்து எழுதியிருக்கிறேன் என்றா.

டிசம்பரில் ஒரு ஆட்டம். பெரிய அடி என்று சொல்ல முடியாது. பின்னால் வந்தவன் தள்ள, கவின் பக்கத்து மதிலோடு மோதி விழுந்தான். உடனே எழும்பினான். பிறகு தன் அணியின் வாங்கை விட்டுவிட்டு, எதிரணி உட்கார்ந்திருக்கிற வாங்கின் கதவடிக்குப் போய் நின்றான். யாரோ சிரித்தார்கள், அவனும் சிரித்துக்கொண்டு தன் பக்கம் திரும்பினான். அடுத்த ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. காய்ச்சல் என்று போட்டிருந்தார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில் வந்துவிட்டான்.

வந்தது வேறொரு பிள்ளை. மூலைக்குள் போகிறபோது அரை அடி முன்னால் நின்றான். யாராவது கிட்ட வந்தால், இடிபட முன்னரே முகத்தை மறுபக்கம் திருப்பினான். மேலே விளக்குகள் பிரகாசமாக எரியும் அரங்குகளில் தலையைக் குனிந்துகொண்டே விளையாடினான். யாரும் நிற்காத இடத்துக்கு வட்டைத் தள்ளினான். நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கிழமையும் கூடிக்கொண்டு போனது.

எங்கள் அறிக்கையில் இதற்கு ஒரு வழக்கமான வசனம் உண்டு: முயற்சி குறைந்துவிட்டது. இன்னொரு சக ஊழியர் இரண்டு ஆட்டங்களைப் பார்த்துவிட்டு அதைத்தான் எழுதினார். பயந்த சுபாவம் என்றும் ஒரு சொல் சேர்த்திருந்தார்.

எனக்கு இது பயந்த சுபாவமாகத் தெரியவில்லை. இதே மாதிரி முகத்தைத் திருப்பிய இன்னொரு பதினேழு வயதுப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

4

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து தம்பியின் பள்ளிக்கூட மைதானம் பத்து நிமிடச் சைக்கிள் ஓட்டம். நான் ஏ.எல். பரீட்சை எடுத்துவிட்டு முடிவுக்காக இருந்த காலம். தம்பி பள்ளிக்கூட அணியில் முன்னால் நின்று கோல் அடிக்கிறவன். மாவட்ட அணிக்கான தெரிவு சனிக்கிழமை என்றால், இரண்டு நாள் முந்தி வியாழக்கிழமைப் பயிற்சியில் கோல் காப்பாளனோடு தலை மோதி விழுந்தான். நான் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூஷன் சொல்லிக் கொடுத்துவிட்டு அந்த வழியால் வந்தனான். மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு என்ன நாள் என்று என்னிடமே கேட்டான்.

அவனைச் சைக்கிள் பாரில் இருத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குச் சொன்னால் அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவா, தெரிவு போய்விடும் என்று வழி முழுக்கக் கெஞ்சினான். நான் சொல்லவில்லை. சனிக்கிழமை அவன் விளையாடினான். இடைவேளைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தான். ஆசுபத்திரியில் மருந்து தட்டுப்பாடு, ஸ்கான் என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒரு கிழமையில் எழும்பி நடந்தான். ஆனால் இடது காது கேட்கவில்லை. வெயிலில் போனால் தலையைப் பிடித்துக்கொண்டு குந்துவான். அடுத்த மாதம் போரில் ஊரே இடம்பெயர்ந்தது. மாவட்ட அணியும் இல்லை, மைதானமும் இல்லை. ஷெல் சத்தத்தில் காது அடைத்துவிட்டது என்று அம்மா எல்லாருக்கும் சொன்னா. கடைசிவரை அப்படித்தான் நம்பினா. நான் திருத்தவில்லை.

5

இனித் திவசத்தன்றைக்கு வருகிறேன். படையலுக்கு வாழையிலை விரித்துவிட்டு, கணினியில் ஒரு துண்டை நிறுத்திப் பார்த்தேன். கவின் இடது பக்கமாக வந்தவனைக் காணவே இல்லை. என் மகள் நிலா தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நிலாவும் கவினும் இன்ஸ்ரகிராமில் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நானும் தம்பியும் கதைக்காமல் விட்ட உறவைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வைத்திருந்திருக்கிறார்கள்.

கவினுக்கு ஒவ்வொரு நாளும் தலையிடி, வகுப்பில் எழுத்துகள் மிதக்கின்றன, அறையில் போர்வையால் யன்னலை மூடி வைத்திருக்கிறான் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். டிசம்பரில் விழுந்தது முதல் தரமும் இல்லையாம். ஜூன் மாதம் மட்டும் போகட்டும் என்று இருக்கிறானாம்.

"அவன் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டவன், அம்மா. ப்ராமிஸ் பண்ணுங்கோ," என்றாள். மகள் தமிழில் பேசி நான் கேட்ட முழு வசனங்கள் அந்த மாதத்தில் அவைதான். நான் ஓம் என்றேன்.

அடுத்த நாள் காலை, அங்கே சனிக்கிழமை மாலை, தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். நிலாவின் பெயரைச் சொல்லவில்லை. வீடியோவில் கண்டதை மட்டும் சொல்லி, பிள்ளையை டொக்டரிடம் காட்டு என்றேன்.

"எத்தினை நாளா அவனைப் பார்க்கிறாய்?" என்று கேட்டான்.

செப்டெம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டமும் என்றேன்.

"ஒருக்காவது எடுத்து, உன்ரை மகன் நல்லா விளையாடுறான் எண்டு சொன்னியோ? குறை சொல்லத்தான் எடுக்கிறாய்."

படிவம், கையெழுத்து, வெளியில் பேசக்கூடாது என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

"உன்ரை காது எப்பிடிப் போனதெண்டு எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும், ரவி," என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"அண்டைக்கு நீ அம்மாட்டைச் சொல்லியிருந்தால் நான் கிரவுண்டிலை இறங்கியிருக்க மாட்டன்," என்றான். "முதல் பாதி முழுக்க விளையாடினனான். ஒரு கோலும் அடிச்சனான். இவ்வளவு வருசமா ட்ரக் ஓடுறன். ரோட்டிலை தனிய இருக்கேக்கை அதைத்தான் நினைக்கிறனான். ஒரு காது போனால் போகட்டும்."

"இது அவன்ரை மூளை, தம்பி."

"ஜூன் வரைக்கும் பொறு. அம்மாவின்ரை முகத்தைத்தான் பார்க்க விடேல்லை. இவனையாவது விடு."

6

நாலு நாள் ஒன்றும் செய்யவில்லை. ரயிலில் போனேன், வந்தேன், வேறு பிள்ளைகளைப் பற்றி எழுதினேன். சும்மா இருந்துவிட எனக்கு எல்லா வழியும் திறந்திருந்தது. கையெழுத்து என்னுடையது இல்லை. பயந்த சுபாவம் என்ற அந்த அறிக்கை அப்படியே போனாலும், ஆறாம் சுற்றிலோ ஏழாம் சுற்றிலோ யாராவது ஒரு கழகம் அவனை எடுக்கக்கூடும். தம்பி வீட்டில் விருந்து நடக்கும். பிறகு அவன் இன்னும் பெரிய ஆட்களோடு மோதுவான்.

ஐந்தாம் நாள் மெலனியின் அறைக் கதவைத் தட்டினேன். செப்டெம்பரில் மூன்று துண்டு, ஜனவரியில் மூன்று துண்டு எடுத்து வைத்திருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். மெலனி இரண்டாம் தரம் கேட்டுப் பார்த்தா, பிறகு மூன்றாம் தரம். தான் விளையாட்டை விட்டதற்கும் தலையில் பட்ட அடிதான் காரணம் என்று அன்றுதான் எனக்குச் சொன்னா. எப்போதிருந்து இப்படி என்று கேட்டா. டிசம்பரிலிருந்து என்றேன். எனக்கு முன்னாலேயே ஃபோனை எடுத்து, அந்த அணியில் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டா.

அந்தக் கிழமையே அணி வைத்தியர் கவினைப் பரிசோதித்தார். பருவம் முடியும்வரை பனியில் இறங்கக் கூடாது என்றார்கள். பிறகு ஒரு நிபுணரிடம் அனுப்பினார்கள். மோதல் உள்ள எந்த விளையாட்டும் இனி வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். வேண்டாம் என்றால் எவ்வளவு காலத்துக்கு என்று தம்பியின் மனைவி கேட்டாவாம். அவர் கவினைப் பார்த்து, எப்போதைக்கும் என்றாராம்.

இதெல்லாம் தம்பியின் மனைவி எனக்கு அனுப்பிய ஒரே ஒரு குரல் செய்தியில் கேட்டது. கோபம் இல்லாத குரல். இனி எங்களுக்கு எடுக்காதேங்கோ என்று முடித்திருந்தா.

நிலாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் தன் பெரிய ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். பிறகு, தான் அம்மாவிடம் சொன்னதாகவும் ஒரு அலுவலகத்திடம் சொல்லவில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னாள். வீடியோவில் நானே கண்டதுதான் என்று விளங்கப்படுத்தினேன். அவள் தலையாட்டினாள். அதன்பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றியோ தோழிகளைப் பற்றியோ என்னிடம் எதுவும் சொல்வதில்லை. சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், நன்றி என்கிறாள்.

7

ஜூன் மாதம் டிராஃப்ட் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டியலைத் திறந்தேன். பெயர் இருக்காது என்று எனக்குத் தெரியும். எல்லாக் கழகங்களுக்கும் வைத்திய அறிக்கை போயிருந்தது. என்றாலும் முதல் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுவரை ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒக்ரோபரில் நான் கவினுக்குக் கீழே வைத்த ஒரு பிள்ளை மூன்றாம் சுற்றில் போயிருந்தான். அவனைப் பற்றி எழுதியதும் நான்தான். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

நிலா கதவடியில் நின்று, இருக்கிறானா என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஓகஸ்ட்டில் ஒருநாள் அவள் தன் ஃபோனைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். கவின். நூறு தரம் விழுந்து எழும்பக் கண்ட பிள்ளையின் குரலை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். மாமி என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். மெதுவாகப் பேசினான், இடையிடையே சொல்லைத் தேடினான். வெளிச்சம் இப்போது பரவாயில்லை, வாசிப்பதுதான் கஷ்டம், கல்லூரியை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறேன் என்றான். அவன் வாயால் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவன் திட்டவில்லை. என் கணக்கில் தான் எத்தனையாம் சுற்றில் இருந்தான் என்று மட்டும் கேட்டான்.

சொல்லக்கூடாது என்பதுதான் விதி. சொன்னேன். மூன்றாம் சுற்று, நன்றாக வந்திருந்தால் இரண்டாம் சுற்றின் கடைசி.

ஏன் என்று கேட்டான். ஒக்ரோபர் அறிக்கையைத் திறந்து முழுக்க வாசித்துக் காட்டினேன். மூலைக்குள் போவது, குனிவது, தலையை நிமிர்த்திப் பார்ப்பது எல்லாம். நடுவில் ஒருதரம் நிறுத்தி, அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னான். முடிந்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பிறகுதான் அவன் உண்மையில் எதற்காக எடுத்தான் என்று தெரிந்தது. அப்பா சாப்பிடுவதில்லை, ட்ரக்கை எடுத்துக்கொண்டு போனால் நாலு நாள் ஃபோன் எடுப்பதில்லை என்றான். அதனால் அவரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறான். மாமியின் கணக்கில் நான் தொடக்கத்திலிருந்தே தேறாதவன், அடிபடாவிட்டாலும் என்னை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று. அதை அப்படியே விட்டுவிட முடியுமா என்று என்னிடம் கேட்டான்.

அப்படி விட்டால், பிள்ளையைக் கெடுத்தவள் என்பதோடு, பிள்ளையின் அருமை தெரியாதவள் என்றும் தம்பி என்னை நினைப்பான். அது எனக்கு உறைக்கச் சில விநாடிகள் எடுத்தது. கவின் காத்திருந்தான். சரி மகன் என்றேன்.

8

இதை எழுதும்போது பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். தம்பி தமிழில் எதையும் வாசிப்பதை விட்டு வெகுகாலம். கவினிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன கிழமை தம்பி எடுத்தான். செவன் ஹில்ஸ் ஸ்ரேஷனில் வேலை முடிந்து ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். ட்ரக்கின் இரைச்சல் பின்னால் கேட்டது. சாப்பிட்டியோ என்றான். அங்கே குளிரத் தொடங்கிவிட்டது என்றான். நிலா என்ன படிக்கிறாள் என்று கேட்டான். சொன்னேன். ரயில் வந்து போனது, நான் ஏறவில்லை.

"ஒண்டு கேக்கிறன் அக்கா, மறைக்காமல் சொல்லு," என்றான். "அடிபடாமல் இருந்திருந்தால், எடுத்திருப்பாங்களோ?"

ஆறு வருடத்தில் நம்பாத ஒரு மதிப்பீட்டை நான் எழுதியதில்லை. எத்தனையோ தாய் தகப்பனின் ஆசை தெரிந்தும் குறைத்து எழுதியிருக்கிறேன், எவருக்காகவும் கூட்டியதுமில்லை.

"இல்லைத் தம்பி," என்றேன். "கஷ்டம்."

"ஏழாம் சுற்றிலையும்?"

"ஏழாம் சுற்றிலையும்."

அவன் மூச்சு விடுவது கேட்டது.

"அவனும் அப்பிடித்தான் சொன்னவன். நான் நம்பேல்லை," என்றான். பிறகு, "நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றான்.